சிக்கனமாக வாழ்ந்து 42 வயதில் வேலையை விடுவது சமூகத்துக்கு நியாயமா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 42. அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் படித்து, கவுன்சிலிங்கில் கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்து, 2005 முதல் ஐடி வேலை. இப்போது சம்பளம் ஆண்டுக்கு 28 லட்சம். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார், இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டார். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. மேடவாக்கத்தில் சொந்த ஃப்ளாட், கடன் முடிந்துவிட்டது. அப்பா இல்லை. அம்மா ஊரில் அண்ணனோடு இருக்கிறார், அண்ணன் விவசாயம் பார்க்கிறார். முதல் சம்பளத்திலிருந்தே சிக்கனமாக இருந்து பழகிவிட்டேன். கார் கிடையாது, இஎம்ஐயில் எதையும் வாங்கியதில்லை. 2.4 கோடி சேர்ந்திருக்கிறது, பெரும்பகுதி மியூச்சுவல் ஃபண்டில். பிள்ளைகள் படிப்புக்குத் தனியாக 40 லட்சம் வைத்திருக்கிறேன். வேலையை விட்டபின் மாதம் 48,000 போதும் என்று பட்ஜெட் போட்டு இணைத்திருக்கிறேன். வரும் மார்ச்சோடு வேலையை விட, பேப்பர் (ராஜினாமாக் கடிதம்) போடலாம் என்று முடிவு செய்தேன்.

மாமனார் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். "மாப்பிள்ளை, ஊர் ஜனங்க வரிப்பணத்துல படிச்சவர் நீங்க. கை கால் நல்லா இருக்கும்போதே வேலையை விட்டுட்டு உக்காந்து சாப்பிடறது சமூகத்துக்குச் செய்யற துரோகம்" என்று சொல்லிவிட்டார். ஆபீஸ் நண்பரோ "எல்லாரும் இப்படிக் கிளம்பினா நாடு என்ன ஆகும்?" என்கிறார். இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை. நான் செய்வது நியாயமா?

பதில்:

வணக்கம். "எவ்வளவு சேர்த்தால் வேலையை விடலாம்" என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. விடுவது நியாயமா என்று கேட்டு வருவது அபூர்வம். அதனால் உடனே பதில் எழுதாமல் நீங்கள் இணைத்திருந்த பட்ஜெட் தாளைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மாமனார் கேட்டதற்கும் நண்பர் கேட்டதற்கும் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் அவர்கள் இருவருமே கேட்காத ஒரு கேள்வி அந்தத் தாளில் மூன்று வரிகளில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

முதலில் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மாதம் 48,000 என்றால் ஆண்டுக்கு 5.76 லட்சம். உங்களிடம் இருப்பது அதைப்போல 41 மடங்குக்கு மேல். ஆண்டுச் செலவைப்போல 25 மடங்கு இருந்தால் போதும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அது வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் போட்ட கணக்கிலிருந்து வந்தது. அந்த ஊர்ப் பங்குகள், அந்த ஊர்க் கடன் பத்திரங்கள், அந்த ஊர் விலைவாசி, அதிலும் 30 வருட ஓய்வுக்காலம். உங்களுக்கு 45, 50 வருடம் ஓட வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். இன்றைய 48,000 உங்கள் 54 வயதில் 96,000, 66 வயதில் 1.92 லட்சம். அதனால்தான் நாற்பதுகளில் வேலையை விட நினைப்பவர்களிடம் நான் 40 மடங்கு கேட்பேன். உங்களிடம் அது இருக்கிறது, நீங்கள் எழுதியிருக்கும் 48,000 உண்மையான செலவாக இருந்தால். இந்தக் கடைசி வாக்கியத்துக்குத் திரும்ப வருகிறேன்.

இப்போது மாமனார் சொன்னது. ஊர் ஜனங்கள் பணத்தில் படித்தீர்கள் என்பது உண்மை, அதை லேசாகத் தட்டிவிடாதீர்கள். பள்ளிக்கூடம், மதியச் சத்துணவு, கிண்டியில் கட்டிய கட்டணத்துக்கும் உங்களைப் படிக்கவைக்க ஆன செலவுக்கும் இருந்த வித்தியாசம், எல்லாமே உங்களைப் பார்த்தே இராத யார் யாரோ கொடுத்தது. சத்துணவுக்கான பணத்தில் ஒரு சோப்பு வாங்கிய கூலிக்காரரின் விற்பனை வரியும் கலந்திருந்தது. "நான்தான் இருபது வருடம் வரி கட்டினேனே, கணக்குத் தீர்ந்தது" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரியை எல்லோரும்தான் கட்டுகிறோம், படிக்காதவரும் கட்டுகிறார்.

ஆனால் அந்தக் கடனை அடைக்க 60 வயது வரை ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்தே ஆக வேண்டும் என்று எங்கிருந்து வருகிறது? படிப்புக்கு ஈடாக உழைப்பு வேண்டும் என்று அரசு நினைக்கும் இடத்தில் அதை எழுதியே வாங்கிக்கொள்கிறது. அரசு மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு சேரும் டாக்டர் இத்தனை காலம் அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்கிறார். பொறியியலுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. கிராமத்துப் பிள்ளை ஒன்று சொந்தக் காலில் நிற்க வேண்டும், அதன் குடும்பம் மறுபடி பழைய நிலைக்கு விழக்கூடாது என்பதற்காகக் கொடுத்த இடம் அது. உங்கள் வகுப்பில் படித்து 2005-லேயே அமெரிக்கா போய்விட்டவர்கள் இருப்பார்கள். அவர்களை ஊரில் யாரும் துரோகி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் இங்கேயே இருந்து இருபது வருடம் உழைத்திருக்கிறீர்கள். அந்த அளவில் மாமனாரின் வார்த்தை ரொம்பக் கடுமை.

வரி விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டில் 28 லட்சம் சம்பளத்துக்கு, 75,000 நிலைக்கழிவு போக, செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து சுமார் 4.13 லட்சம் வரி. வேலையை விட்டபின்? ஆண்டுக்கு 5.76 லட்சத்துக்கு ஃபண்ட் யூனிட்களை விற்பீர்கள். அதில் லாபப் பகுதிக்குத்தான் வரி. பங்குசார் ஃபண்ட் என்றால் முதல் 1.25 லட்சம் லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம், அதிலும் வேறு வருமானம் இல்லாதவர் 4 லட்சம் அடிப்படை விலக்கைக் கழித்துக்கொள்ளலாம். ஆக முதல் சில வருடங்கள் நீங்கள் கட்டப்போகும் வருமான வரி அநேகமாகப் பூஜ்யம். கடைக்குப் போகும்போது கட்டும் ஜிஎஸ்டி மட்டும்தான் மிச்சம். அரசுக்கு இது நஷ்டம்தான். "என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து அந்த வரியைக் கட்டுவார்" என்று சொல்லிக்கொள்ளலாம், ஓரளவு நடக்கும். ஆனால் இன்று ஐடியில் ஒருவர் போனால் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது, அதனால் அந்தச் சமாதானத்தை நான் தர மாட்டேன்.

நான் சொல்வது வேறு. வரி என்பது சம்பாதித்தால் கொடுக்க வேண்டிய பங்கு. வரி கட்டுவதற்காகச் சம்பாதித்தே தீர வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்த நியாயத்திலும் இல்லை. அப்படி ஒரு கடமை இருந்தால், பள்ளி வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த உங்கள் மனைவியும் குற்றவாளி. அவர் வேலையை விட்டபோது அவருடைய அப்பா அதைத் துரோகம் என்று சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார், சொல்லவும் கூடாது. குழந்தை வளர்ப்பது வேலை என்று அவருக்குத் தெரியும். ஒரு பெண் சம்பளம் வாங்காமல் வீட்டில் இருந்தால் இயல்பு, ஆண் இருந்தால் துரோகம் என்ற எண்ணம் நம் எல்லோர் மனதிலும் ஊறிக்கிடக்கிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் பாதி அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்பர் கேட்ட "எல்லாரும் கிளம்பினா?" என்ற கேள்விக்கு வெளிநாடுகளில் இருக்கிற அழுத்தம் இங்கே இல்லை. அமெரிக்காவில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 6.2 சதவீதம், முதலாளியிடமிருந்து 6.2 சதவீதம் பிடித்து, அந்தப் பணத்தில்தான் இன்றைய முதியவர்களுக்குப் பென்ஷன் போகிறது. ஜெர்மனியிலும் அடிப்படை அதேதான். அங்கே உழைப்பவர் எண்ணிக்கை குறைந்தால் பாட்டி தாத்தாக்களின் பென்ஷனில் கை வைக்க வேண்டி வரும். நம் பிஎஃப் அப்படியில்லை, உங்கள் பணம் உங்கள் கணக்கில் கிடக்கிறது. கம்பெனி போடுவதில் ஒரு சிறு பகுதி மட்டும் பொதுவான பென்ஷன் நிதிக்குப் போகிறது. நீங்கள் பத்து வருடத்துக்கு மேல் கட்டியிருப்பதால் 58 வயதில் அதிலிருந்து உங்களுக்கும் ஒரு சிறிய பென்ஷன் வரும்.

அதோடு, எல்லாராலும் கிளம்ப முடியாது. மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்திருக்கும் அமைப்புசாராத் தொழிலாளர்கள் மட்டும் 30 கோடிக்கு மேல். கடையில் நாள் முழுக்க நின்று விற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். 18,000 சம்பளத்தில் அந்தக் கடையில் நிற்கும் பெண் உங்களைவிடச் சிக்கனமாகத்தான் இருப்பார், அவருக்கு 42 வயதில் ஓய்வு வராது. அவருக்கு வயதானபின் கிடைக்கக்கூடிய அரசு முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். ஆகவே "என் சிக்கனத்தால் இந்த இடத்துக்கு வந்தேன்" என்று மட்டும் நினைக்காதீர்கள். சிக்கனம் உதவியது, சம்பளம்தான் தூக்கிவிட்டது. பணம் தானாக உழைக்கிறது என்று ஃபண்ட் விளம்பரங்களில் சொல்வார்கள். பணம் உழைப்பதில்லை. நீங்கள் வைத்திருக்கும் ஃபண்டின் லாபம் யாரோ ஒருவர் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தும், யாரோ ஒருவர் வெயிலில் சிமெண்ட் மூட்டை இறக்கியும் வருவது. இது உங்களுக்கு மட்டும் பொருந்தும் பழி என்று நினைக்க வேண்டாம், பிஎஃப் நிறுவனமே 2015 முதல் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில்தான் போடுகிறது, ஓய்வுக்காலம் என்ற ஒன்று யாருக்கு இருந்தாலும் அது இன்னொருவரின் இன்றைய உழைப்பில்தான் நடக்கிறது. அது மனதில் இருந்தால் போதும், அதற்காக வேலையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆக, பொதுவாகக் கேட்டால் என் பதில்: வேலையை விடுவது அநியாயம் இல்லை. உங்கள் சிக்கனத்தின் சுமையை யார் தலையில் வைக்கிறீர்கள் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கிறது. அதனால் தாளுக்கு வருகிறேன்.

பதினாறாவது வரி. "வீட்டு வேலை அக்கா: 3,500. ஏப்ரல் முதல்: 0."

அவர் செய்த வேலை ஏப்ரலில் நின்றுவிடாது. பாத்திரம் விழும், வீடு பெருக்க வேண்டும். யார் செய்யப் போகிறார்கள் என்று தாளில் இல்லை. நாடு முழுக்க 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள், அந்த வேலையில் கை வைக்கிற ஆண்கள் 97 நிமிடம். என்னிடம் வந்த ஒரு தம்பதி. கணவர் 45 வயதில் வேலையை விட்டவர். அவர் வண்டியை நிறுத்தப் போயிருந்த நேரத்தில் மனைவி என்னிடம் சொன்னார்: "ரிட்டயர்மென்ட் அவருக்குத்தான் சார். முன்னாடி காலைல டப்பா கட்டிக் கொடுத்தா ராத்திரி வரைக்கும் அடுப்பு பக்கம் போக வேணாம். இப்ப மதியம் சூடா சாதம், நாலு மணிக்கு டிபன், நடுவுல ரெண்டு காபி. வேலைக்காரம்மாவையும் நிறுத்தியாச்சு." அந்த வீட்டுச் செலவுக் கணக்கு நோட்டு மனைவியின் கையெழுத்தில்தான் இருந்தது. பால், கீரை, கேஸ், ஒவ்வொன்றும் பைசா சுத்தமாக. கணவர் பெருமையோடு எனக்குக் காட்டிய சேமிப்பில் ஒரு பகுதி அந்த அம்மாவின் சம்பளமில்லாத உழைப்பு. யாரும் அதை அந்த நோட்டில் எழுதவில்லை.

இன்னொரு பக்கம் அந்த அக்கா. மேடவாக்கத்துக்கு வேலைக்கு வருகிறவர் என்றால் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்துகூட வரலாம். நகரத்துக்குள் ஆற்றங்கரைகளில் இருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. அங்கே வந்தபின் பழைய வேலைகள் தூரமாகிப்போய், பக்கத்து அபார்ட்மென்ட்களையே நம்பி இருக்கும் பெண்கள் நிறைய. உங்கள் கம்பெனியில் நீங்கள் மூன்று மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுப்பீர்கள், கிராஜுவிட்டி (பணிக்கொடை) வாங்கிக்கொண்டு கிளம்புவீர்கள். அவருக்கு? "இனிமே வர வேணாங்க்கா" என்று ஒரு நாள் காலையில் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. சமூகம் சமூகம் என்று நீங்களும் மாமனாரும் பேசிக்கொண்டிருக்கிறீர்களே, உங்கள் முடிவு நேராகப் போய்ப் படுகிற சமூகம் அவர்தான். நீங்கள் போனை மாற்றாமல் ஏழு வருடம் வைத்திருந்தால் யாருக்கும் கேடில்லை, விமானத்தில் போகாமல் ரயிலில் போனால் நல்லதுதான். சிக்கனம் பிடிப்பதென்றால் அங்கே பிடியுங்கள். பாத்திரமும் பெருக்கலும் இனி என் வேலை என்று நீங்களே எடுத்துக்கொள்வதாக இருந்தால் பூஜ்யம் போடலாம், அது உங்கள் உரிமை. அப்போதும் அவருக்கு மூன்று மாதம் முன்னால் சொல்லி, வேறு இரண்டு வீடு பார்த்துக்கொடுத்து, கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்புங்கள்.

இருபத்திரண்டாவது வரி. "அம்மா: 6,000. ஏப்ரல் முதல்: 2,500." பக்கத்தில் சின்னதாக, "அண்ணன் இருக்கார்."

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவுக்கு 6,000 ஆகிற செலவு ஏப்ரலில் 2,500 ஆகப் போவதில்லை, மீதி 3,500 அண்ணன் பையிலிருந்து போகும். மானாவாரி நிலத்தில் மழையை நம்பி விவசாயம் பார்க்கிற ஊர் உங்களுடையது. 2.4 கோடி வைத்திருக்கும் தம்பி ஓய்வெடுக்க, அந்த அண்ணன் மாதம் 3,500 தருகிறார் என்று இதைப் படித்துப் பாருங்கள். ஏற்கெனவே அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும், ராத்திரி எழுந்து பார்ப்பதும் அவரும் அண்ணியும்தான், அதற்கு உங்கள் தாளில் எந்தத் தொகையும் இல்லை. வேலையை விட்டபின் உங்களிடம் பணம் குறைந்தாலும் நாள் நிறைய இருக்கும். மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போவது இனி என் பொறுப்பு, கோடை விடுமுறை முழுக்க அம்மா எங்களோடு இருக்கட்டும், அண்ணனும் அண்ணியும் எங்காவது போய்வரட்டும் என்று நீங்கள் சொல்ல முடியும். வேலையில் இருக்கும் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. சீக்கிரம் ஓய்வு பெறுவதால் வரக்கூடிய உண்மையான நன்மைகளில் இது ஒன்று, அதை விட்டுவிட்டு 3,500-ஐக் குறைத்திருக்கிறீர்கள்.

மூன்றாவது, மருத்துவக் காப்பீடு. "0. முதல்வர் காப்பீடு எடுத்துக்கலாம் (வருமானச் சான்றிதழ் வாங்கணும்)."

இது வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. சம்பளம் நின்றபின் உங்கள் வருமானம் தாளில் மிகக் குறைவாகத் தெரியும், ஃபண்டை விற்று எடுப்பதில் பெரும்பகுதி நீங்கள் போட்ட முதல்தானே. தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். கல்விக் கடனுக்கான மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு 4.5 லட்சம் வரம்பு, மகளிர் உரிமைத் தொகைக்கு 2.5 லட்சம் வரம்பு. இந்த மாதிரித் திட்டங்கள் முதலில் பார்ப்பது வருமானத்தை, வங்கியிலும் ஃபண்டிலும் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்பதில்லை. வருமானம் குறைவு என்றால் ஏழை என்று நம்பி எழுதிய விதிகள். கோடிகளை வைத்துக்கொண்டு குறைந்த வருமானம் காட்டும் ஒரு கூட்டம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவிலும் இதே சர்ச்சை உண்டு. அங்கே காப்பீட்டுப் பிரீமியத்துக்கு அரசு தரும் உதவி வருமானத்தைப் பார்த்துத் தருவது, சொத்தைப் பார்ப்பதில்லை, அதனால் சீக்கிரம் ஓய்வு பெற்ற வசதியானவர்கள் வருமானத்தைக் குறைத்துக் காட்டி அதை வாங்குகிறார்கள். மாமனார் சொன்ன "துரோகம்" என்ற வார்த்தையை நான் பயன்படுத்துவதாக இருந்தால் இந்த ஒரு வரிக்குத்தான் பயன்படுத்துவேன்.

எல்லோருக்கும் திறந்திருப்பதை நீங்களும் பயன்படுத்துவது வேறு விஷயம், அதில் கூச்சமே வேண்டாம். பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தால் சந்தோஷம். நூலகம், பூங்கா, அரசு மருத்துவமனை, மாநகரப் பேருந்து, எல்லாவற்றுக்கும் போங்கள். படித்த, நேரமிருக்கிற, கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் வந்து போனால் அந்த இடங்கள் சீராகும். ஏழை என்று நிரூபித்து வாங்க வேண்டியதை மட்டும் தொடாதீர்கள்.

காப்பீட்டை இப்போதே, வேலையில் இருக்கும்போதே எடுங்கள். கம்பெனி பாலிசி பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம், அந்தக் காலத்தில் பாதியையாவது சம்பளம் வரும்போதே கடந்துவிடுவது நல்லது. கம்பெனியின் குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று எச்ஆரிடம் கேளுங்கள். தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது, அதுவும் ஒரு வசதி.

சரி, இந்த மூன்றையும் திரும்பப் போட்டுப் பார்ப்போம். அக்காவுக்கு 3,500, அம்மாவுக்கு 3,500, காப்பீட்டுக்கு மாதம் 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 48,000 என்பது 58,000 ஆகிறது. ஆண்டுக்கு 6.96 லட்சம். உங்கள் 2.4 கோடி அதற்கு 34 மடங்கு சொச்சம்தான் வருகிறது. 40 மடங்கு வேண்டுமானால் 2.78 கோடி, அதாவது இன்னும் 38 லட்சம். உங்கள் சம்பளத்துக்கும் செலவுக்கும் அது சுமார் இரண்டு வருட வேலை. வரும் மார்ச்சில் நீங்கள் விட்டால் அந்த இரண்டு வருடத்தை மனைவியும், அந்த அக்காவும், அண்ணனும், காப்பீட்டுத் திட்டத்தின் உண்மையான பயனாளிகளும் உங்களுக்காகச் சுமப்பார்கள். நியாயமா என்று கேட்டீர்களே, நான் பார்த்த அளவில் இதுதான் அந்தக் கணக்கு.

இரண்டு வருடம் இதே வேலையில் இருக்க முடியாது என்றால் வேறு வழியும் இருக்கிறது. இடைவெளி மாதம் 10,000 மட்டும். வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒரு வேலை, ஒரு கல்லூரியில் பகுதிநேர வகுப்பு, சின்ன நிறுவனம் ஒன்றுக்குக் கணினி வேலை, எதிலும் அது வந்துவிடும். உங்கள் மனைவிக்கு மறுபடி பள்ளிக்குப் போக ஆசை இருக்கிறதா என்றும் கேட்டுப்பாருங்கள், நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டால் அவர் போக முடியுமே. இவ்வளவு நீளமான கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

மாமனாரைப் பற்றி ஒன்று. அவர் சமூகம் என்று பேசினாலும் அவர் மனதில் ஓடுவது மகளாக இருக்கலாம். அந்தக் காலத்து அரசு ஆசிரியருக்கு உயிர் உள்ளவரை பென்ஷன், அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப பென்ஷன். பாதுகாப்பு என்றால் அவருக்கு அதுதான். மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என் மகளுக்கு என்ன வரும் என்று நேராகக் கேட்க அவருக்குச் சங்கடமாக இருக்கும். வாதாடப் போகாதீர்கள். ஃபண்டுகளில் மனைவி பெயர் இருக்கிறதா, நாமினி சரியாக இருக்கிறதா, டேர்ம் பாலிசி (இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எவ்வளவு, உயில் எழுதியாகிவிட்டதா என்று எல்லாவற்றையும் சரிசெய்து ஒரு ஃபைலாக எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வையுங்கள். மனைவியும் கூட இருக்கட்டும். அதற்குப் பிறகும் துரோகம் என்று சொன்னால் அப்போது எனக்கு எழுதுங்கள்.

படித்த கடன் இன்னும் மனதை அரித்தால் அதை வாங்கிய இடத்திலேயே கொடுக்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளி இருக்கிறது. முன்னாள் மாணவர்கள் தங்கள் பள்ளிக்குப் பணமாகவோ உழைப்பாகவோ கொடுப்பதற்கென்றே அரசு 2022-ல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று ஒரு ஏற்பாடு தொடங்கியது. அம்மாவைப் பார்க்கப் போகிற நாட்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாலும் சரிதான். ஆனால் ஓய்வை நியாயப்படுத்துவதற்காக எதையாவது இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம். வேலையை விட்டவர் தினமும் ஏதாவது சமூகசேவை செய்து காட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மகனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்காலம் கூட்டிவந்து, நடுவில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

இப்போதைக்குப் பேப்பர் போடாதீர்கள். காப்பீட்டு பாலிசி கையில் வரட்டும், அண்ணனிடம் ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். அப்புறம் அந்தத் தாளை நீங்களும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி எழுதுங்கள். செலவு, தொகை என்று இரண்டு கட்டம் இருக்கிறது, மூன்றாவதாக ஒன்று சேருங்கள். குறைக்கிற ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில், அதைக் குறைப்பதால் யாருக்கு வேலை கூடுகிறது அல்லது யாருக்குப் பணம் குறைகிறது என்று ஒரு பெயர். உங்கள் பெயர் இல்லாத வரிகளை மட்டும் தனியாக எடுத்து எனக்கு அனுப்புங்கள், தேதியை அதன்பின் குறிக்கலாம்.